வேலிக்கு வெளியே ஒரு காசித்தும்பை

தம்பி, சன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க. எனக்கு இந்த மலைப்பாதை பழக்கமுங்க. உங்களுக்குப் புதுசுன்னு மொகத்தப் பாத்தாலே தெரியுது. அடிவாரத்துல காரவல்லி தாண்டுனா வளைவு ஆரம்பிச்சுரும். தலை சுத்துச்சுன்னா சொல்லுங்க, எலுமிச்சம்பழம் வெச்சிருக்கறேன், மோந்து பாத்தாப் போதும். அந்தக் கட்டைப்பையை மட்டும் மிதிக்காம பாத்துக்குங்க. அதுல முக்கியமான சாமான் இருக்குது.

அருவிக்கா போறீங்க? போங்க, நல்லா தண்ணி வருதாம். நான் ஒரு செடியப் பாக்கப் போறேன். அங்க முன்னாடி, மஞ்சச் சேலையில தலையச் சாச்சுக்கிட்டு ஒரு அம்மா தூங்கறாங்க பாருங்க, அது என்ற சம்சாரம், சிந்தாமணி. தூங்கலீங்க. சும்மா கண்ண மூடியிருக்கறா. நான் பேசறது அத்தனையும் அவ காதுல விழுந்துட்டுத்தான் இருக்குது.

என்ற பேரு நாச்சிமுத்து. நாமக்கல்ல ஒரு காலேஜுல தாவரவியல் ப்ரொபசரா இருந்து ரிடையரானவன். ஒரு அநியாயத்தச் சொல்றேன், கேட்டுட்டு நீங்களே நாயம் சொல்லுங்க. நான் படிக்க வெச்ச புள்ளையே எனக்கு ஆப்பு வெச்சுட்டா. நஸ்ரீன்னு பேரு. கெட்டிக்காரி, அதை நான் இல்லைங்கல. இப்ப பெங்களூருல ஒரு ஆய்வுக்கூடத்துல இருக்கறா. செடியோட டிஎன்ஏவைப் பாத்து, இது எந்த இனம், எதுக்கு எது சொந்தம்னு சொல்ற வேலை. அவ சொன்னா டெல்லியில கேக்கறாங்க. நான் சொன்னா இந்தச் சிந்தாமணி கூடக் கேக்கறதில்ல.

மொதல்ல இருந்து சொல்லோணும், அப்பத்தான் உங்களுக்குப் புரியும்.

நான் வேலைக்குச் சேந்த புதுசுல, இந்த மலை மேல நத்துக்குழிப் பாறைன்னு ஒரு எடத்துல, ஊறல் தண்ணி சொட்டற பாறைச் சந்துல ஒரு காசித்தும்பையப் பாத்தேன். காசித்தும்பை தெரியுமில்லீங்க? காயைத் தொட்டா பட்டுனு வெடிச்சு வெதை தெறிக்குமே, அதுதான். இந்த ரோட்டோரம் பூராவும் ஊதாவாப் பூத்துக் கெடக்குதே, அதுவும் காசித்தும்பைதான். ஆனா நான் பாத்ததுக்குப் பூ வெள்ளை. இலைக்கு அடியில பூனைக்குட்டி வயித்துல இருக்கறாப்பல மெத்துனு முடி. லைப்ரரி லைப்ரரியா அலைஞ்சு, ஒலகத்துல வேற எங்கயுமே இல்லாத புது இனம்னு எழுதிப் போட்டேன். எங்க குரு ரெங்கநாயகம் ஐயா பேரை அதுக்கு வெச்சேன். கண்டுபுடிச்சவன் தம்பேரைத் தானே வெச்சுக்கக் கூடாதுங்க. சட்டம்னு இல்ல, ஆனா அது அசிங்கம். நம்ம மாணாக்கன் யாராச்சும் ஒருநாளைக்கு நம்ம பேரை ஒரு செடிக்கு வெப்பான்னு காத்துக் கெடக்கோணும். எங்க தொழில்ல அதுதான் மொறை. நானும் காத்துத்தான் கெடந்தேன்.

அப்பறம் ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கி, அந்தப் பாறையச் சுத்திக் கம்பி வேலி போட வெச்சேன். கேட்டு, பூட்டு, 'அரிய வகைத் தாவரம், உள்ளே வராதீர்'னு போர்டு. சாவி ரெண்டு. ஒண்ணு வனத்துறைகிட்ட, ஒண்ணு எங்கிட்ட.

இதுல ஒரு தலைவலி என்னன்னா, அந்த வேலிக்குள்ளயே வேற ஒரு மாதிரிச் செடியும் மொளைக்கும். இலையில முடியே இருக்காது, எண்ணெய் தடவுன மொட்டைத் தலையாட்டம் வழுவழுன்னு இருக்கும். பூ ரோஸு. எனக்குப் பாத்த ஒடனே வெளங்கிப் போச்சுங்க. என்ற செடிக்கு வெள்ளைப் பூ, ரோட்டோரத்துக்கு ஊதாப் பூ, ரெண்டும் சேந்தா ரோஸு. கலப்பு. வேலியத் தாண்டி வண்டு பண்ணிட்டுப் போன வேலை. அதை விட்டுவெச்சா நாளைக்கு என்ற இனம் இருக்குமா? அதனால வருசா வருசம் ஆடி ஆவணியில மலைக்கு வந்து, கழுத்துல லென்ஸை மாட்டிக்கிட்டு, ஒவ்வொரு இலையாத் திருப்பிப் பாத்து, மொட்டை இருந்தா வேரோட புடுங்கிருவேன். ஒண்ணு விட்டதில்ல. எங்கூட வந்த மாணவருங்க எல்லாம் அசந்து போவாங்க, சாருக்கு என்ன கண்ணுன்னு.

புடுங்குனதை அங்கயே போடக் கூடாதுங்க. காயிருக்கும், வெதை தெறிச்சுரும். தூரமாக் கொண்டு போயித்தான் போடோணும். அந்த வேலையச் சிந்தாமணி பாத்துக்குவா. வயர் கூடை நெறைய அள்ளிப் போட்டுக்கிட்டு, 'நீங்க பாருங்க, நான் போட்டுட்டு வந்தர்றேன்'னு கெளம்பிருவா. போனா வர்றதுக்கு மத்தியானம் திரும்பிரும். ஏன் இவ்வளவு நேரம்னு கேட்டா முட்டி வலிம்பா. பாவம், முட்டி வலியோட இத்தனை தூரம் போறாளேன்னு எனக்கே கஷ்டமா இருக்கும். வர்றப்பக் கூடையில மலைவாழைப்பழம் ஒரு சீப்பு இருக்கும். சந்தையில வாங்குனேன்பா. அப்பிடி ஒரு தித்திப்புங்க. அந்த மாதிரிப் பழம் நான் சந்தையில தேடித் தேடிப் பாத்தும் எனக்குக் கெடைச்சதில்ல.

மொதல்ல எல்லாம் மலைக்கு வாடின்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா. அப்பறம் பாத்தா, ஆடி பொறந்தாலே 'களையெடுக்கப் போகலீங்களா?'ன்னு அவளே கேக்க ஆரம்பிச்சுட்டா. இத்தனை வருசம் கூட வாழ்ந்ததுல இவளுக்கும் கொஞ்சம் அறிவியல் ஒட்டிக்கிச்சுன்னு எனக்கு ஒரே பெருமை.

எப்பத்திலிருந்துன்னா, பூங்கோதை கல்யாணத்துக்கு அப்பறம்.

பூங்கோதை எங்க பொண்ணு. ஒரே பொண்ணு. அந்தப் பேச்சு வேண்டாம் தம்பி. சரி, கேக்காமயே கேக்கறாப்பலப் பாக்கறீங்க, சொல்லிப்போடறேன். இந்த மலையில கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துல அவளுக்கு டீச்சர் வேலை கெடைச்சுது. கூட வேலை பாத்த ஒரு வாத்தியாரைக் கட்டிக்கிட்டா. மலைக்காரப் பையன். அவங்களும் பேருக்குப் பின்னாடி நாங்க போடற அதே பட்டத்தைத்தான் போடுவாங்க. எங்களாட்டமே கும்புடுவாங்க, எங்களாட்டமே சோறு திம்பாங்க. பாத்தா வித்தியாசம் தெரியாது. ஆனா பாத்தாத் தெரியாததைப் பிரிச்சுச் சொல்றதுதானுங்க என்ற தொழில். அவங்க வேற, நாங்க வேற. பட்டம் ஒண்ணா இருந்தா இனம் ஒண்ணாயிருமா? வீட்டுப் படி ஏறாதேன்னுட்டேன். பத்துப் பன்னெண்டு வருசம் ஆச்சு. எங்க வீட்டுல அவ பேரை யாரும் எடுக்கறதில்ல. புடுங்கறப்ப மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். அதுக்குப் பாத்தா முடியுங்களா? வேரோட எடுத்தாத்தான் மத்தது சுத்தமா நிக்கும். நான் செடியச் சொல்றேன்.

கண்ண மூடாதீங்க, வளைவுல கண்ண மூடுனா வாந்தி வரும். தூரமாப் பாருங்க.

எங்க விட்டேன்? வேலி. போன வருசம் அதுக்கு ஒரு ஆபத்து வந்துச்சு. அந்தப் பாறை மேல நின்னாக் கீழ நாடே தெரியும். அங்க ஒரு வியூ பாயிண்ட் போடறேன்னு ஒரு பணக்காரப் பார்ட்டி கெளம்பிட்டான். டீக்கடை, கண்ணாடித் தரை, செல்ஃபி எடுக்கறதுக்கு ரெக்கை வரைஞ்ச செவுரு. வேலிக்குள்ள இருக்கறது சாதாரணக் காசித்தும்பைதான், கெழவன் சும்மா கதை விடறான்னு மனுவே குடுத்துட்டானுங்க. வனத்துறை ஆபீசரு நல்ல மனுசன். 'ப்ரொபசர், இது தனி இனம்னு டிஎன்ஏ ரிப்போர்ட் ஒண்ணு குடுத்துருங்க, எவனாலும் அசைக்க முடியாது. இல்லீன்னா வேலிய நான் எடுத்துத்தான் ஆகணும்'னாரு.

பின்னால என்ன வரும்னு தெரியாம நானே நஸ்ரீனுக்குப் போனப் போட்டேன். 'அம்மணி, உங்குருவுக்கு ஒரு சின்ன வேலை.' பறந்து வந்தா. என்ற செடியில இருந்து இலை, ரோட்டோரச் செடியில இருந்து இலை, எல்லாம் துண்டு துண்டாக் கிள்ளி, ஈரத்த உறிஞ்சற மணி போட்ட பாக்கெட்டுல போட்டுக்கிட்டா. நான் சும்மா இருக்கலாமில்ல? வாய் இருக்குதே. 'அந்தக் கலப்படத்தையும் ஒருக்காப் பாத்துரு. ரெண்டுக்கும் பொறந்ததுன்னு ரிப்போர்ட்லயே போட்டுரு, நான் புடுங்குனதுக்கும் ஒரு அத்தாட்சியா இருக்கும்'னேன். உசுரோட அது ஒண்ணு கூட இல்ல. ஆனா எங்க காலேஜுல காஞ்ச செடிய ஒட்டி வெக்கற பீரோவுல, ரொம்ப வருசத்துக்கு முந்தி நானே ஒரு தாள் ஒட்டி வெச்சிருந்தேன். 'தூய்மை கெட்ட செடிக்கு எடுத்துக்காட்டு'ன்னு என்ற கையெழுத்துலயே இருக்கும். அதுல ஒரு இலையக் கிள்ளிட்டுப் போனா.

கொஞ்ச மாசம் கழிச்சு நேர்லயே வந்தா. போன்ல சொல்லாம நேர்ல வந்தாலே நல்ல சேதி இல்லீன்னு அர்த்தமுங்க. ஒரு படத்த விரிச்சா. மரத்தாட்டம் கிளை கிளையாப் பிரியும், எது எதுக்குச் சொந்தம்னு அதுல தெரியும்.

"சார், வருத்தப்படாதீங்க. உங்க செடியும் ரோட்டோரச் செடியும் ஒண்ணுதான். பாறை ஈரத்துல இருக்கறதால முடி அதிகம், பூ வெளுத்திருக்கு. அவ்வளவுதான்."

நான் சொன்னேன், "மெஷினைத் தொடைச்சுட்டு மறுபடி போட்டுப் பாரு, அம்மணி."

"மூணு தடவை போட்டேன் சார். ஆனா இதைப் பாருங்க." தனியா ஒரு கிளை, எல்லாத்தையும் விட்டுத் தூரமாப் போயி நிக்குது. "நீங்க கலப்புன்னு ஒட்டி வெச்சீங்களே, அது. கலப்பே இல்ல சார். அதுகூட எதுவும் சேரல. இந்த மலையில வேற எதுக்கும் அது நெருங்கின சொந்தம் இல்ல. அரிய இனம் அதுதான். வேலி போட வேண்டியது அதுக்குத்தான்."

நான் காட்டிக்கல. 'அப்ப நல்லதாப் போச்சு, வேலி நிக்கும்'னேன். அவ படத்த மடிச்சு வெச்சா. அப்பறம் மெதுவா, "சார், உசுரோட ஒண்ணாவது வேணும். காஞ்ச தாளைக் காட்டி வேலி கேக்க முடியாது"ன்னா.

போனோம். மழையில நனைஞ்சுக்கிட்டு வேலிக்குள்ள, வேலிக்கு வெளிய, பாறை மேல, ஓடைக்குள்ள, எல்லாப் பக்கமும் தேடுனோம். நான் லென்ஸோட, அவ டார்ச்சோட. ஒண்ணு இல்ல. ஒரு வேலையச் செஞ்சா நான் அரைகுறையாச் செய்ய மாட்டனுங்க. அது என்ற பொறவிக் குணம். நஸ்ரீனே சொன்னா, "சார், இவ்வளவு சுத்தமா யாராலயும் அழிக்க முடியாது"ன்னு. அதைப் பாராட்டாத்தான் எடுத்துக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து எலையில உக்காந்தோம். அந்தப் புள்ள அழுகாத கொறை. 'உலகத்துலயே இங்க மட்டும்தான் சார் இருந்தது, போயிருச்சு'ன்னு சோத்தப் பெசைஞ்சுக்கிட்டே இருக்கறா. சிந்தாமணி ரசம் ஊத்திட்டிருந்தா. கரண்டிய நிறுத்தாமயே கேக்கறா, "மொட்டையிலை, ரோஸ் பூ, அதுங்களா? அதை எதுக்கு அங்க போயித் தேடறீங்க? பூங்கோதை வீட்டுப் பொறவாசல்ல, தொவைக்கற கல்லச் சுத்திக் காடாட்டம் கெடக்குது. துணி காயப் போட எடமில்லைன்னு அவ சொல்லிட்டிருந்தா."

எங்க வீட்டுல அந்தப் பேரைக் காதுல கேட்டு எத்தனை வருசம் ஆச்சு. ரசம் எலைய விட்டு வழிஞ்சு ஓடுது, யாரும் பாக்கல.

"அங்க எப்பிடிப் போச்சு?"ன்னேன்.

"நீங்கதானுங்களே தூரமாக் கொண்டு போயிப் போடச் சொன்னீங்க"ன்னா.

பாத்தீங்களா தம்பி. முட்டி வலியாம். வருசா வருசம் அந்தக் கூடையில செடிக்கு அடியில முறுக்கும் அதிரசமும் போயிருக்குது, நான் பாக்கல. 'பூவோட இருக்கற செடியக் குழியில போட மனசு வரல, அவ வீட்டுல ஊறல் தண்ணி இருக்குதேன்னு அங்க நட்டேன்'ங்கறா. அந்தப் பழம் எந்தச் சந்தையில வந்துச்சுன்னு நானும் கேட்டுக்கல. ஆனா ஒண்ணு, தித்திப்பு தித்திப்புதானுங்க. அதுல பொய் இல்ல.

நஸ்ரீன் எலையிலயே எந்திரிச்சு நின்னுட்டா. மக்யா நாளு விடிஞ்சதுமே சிந்தாமணியக் கூட்டிக்கிட்டு மலை ஏறிட்டா. நான் போகல. எனக்கு ரத்தக் கொதிப்பு. அதுவுமில்லாம, யோசிச்சுப் பாருங்க, அந்த மொட்டைச் செடிய இத்தனை வருசம் இனம் பிரிச்சுப் பாத்தவன் யாரு? நான் புடுங்கலீன்னா அது அந்த வீட்டுக்குப் போயிருக்குமா? போகாமப் பாறையிலயே நின்னிருந்தா, கெழங்கு தோண்டற காட்டுப்பன்னி தின்னுட்டுப் போயிருக்கும். ஒரு வகையில பாத்தா அதைக் காப்பாத்துனவனே நான்தான். நஸ்ரீன்கிட்ட இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் என்னையே பாத்துட்டு, 'ஆமா சார்'னா. மரியாதை தெரிஞ்ச புள்ள.

திரும்பி வந்த நஸ்ரீன் செல்லுல படம் காட்டுனா. தொவைக்கற கல்லு, சுத்தி ரோஸாப் பூ. கிட்டத்துல எடுத்த படம் ஒண்ணு. செடி எவ்வளவு பெருசுன்னு தெரிய நாங்க பக்கத்துல அளவுகோல் வெப்போம். இவ அளவுகோல மறந்துட்டுப் போயிட்டா. அதுக்குப் பதிலா, ஒரு சின்னக் கை இலையத் திருப்பிப் புடிச்சிருக்குது. அந்த வீட்டுப் புள்ளயோட கை. ரெண்டாவது படிக்குது. முன்பல்லு விழுந்திருக்குது. எனக்கு எப்பிடித் தெரியும்னா, அதுக்கப்பறம் சிந்தாமணி கொல்லையில நின்னு போன் பேசறப்ப எதேச்சையாக் காதுல விழுந்ததுதான்.

நான் லென்ஸை எடுத்து அந்தப் படத்து மேல வெச்சுப் பாத்தேன். அளவு சரியாப் பாக்கறதுக்காக. கட்டைவிரல் பின்னாடி வளைஞ்சிருக்குதுங்க. வில்லாட்டம். எங்கய்யனுக்கு அப்பிடி. எனக்கு, இதா பாருங்க, அப்பிடி. பூங்கோதைக்கும் அப்பிடித்தான், சின்னதுல பென்சில் புடிக்கவே செரமப்படுவா, நான்தான் வெரலப் புடிச்சு எழுத வெப்பேன். ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தேன். இதுக்கெல்லாம் டிஎன்ஏ வேண்டியதில்லீங்க.

ஒண்ணுமில்ல, சன்னல் காத்து. கண்ணு கரிக்குது. இந்த மலைக்காத்துக்கு எப்பவுமே எனக்கு இப்பிடித்தான்.

இப்ப வேலைக்கு வர்றேன். வேலி நிக்கோணும்னா அந்தச் செடிக்கு மொறையாப் பேரு வெச்சு, எழுதிப் போட்டு, பாறையில திரும்ப நட்டாகணும். ஆபீசரு ஒத்துக்கிட்டாரு. பேரு வெக்கறது யாரு? நான் நஸ்ரீனப் பாத்தேன். இத்தனை வருசம் காத்திருந்தவன், பாக்க மாட்டனா? அவ சிரிச்சுட்டா. "சார், நீங்களும் என்கூடச் சேந்து எழுதறீங்க, உங்க பேரும் மேல வரும். தம்பேரைத் தானே வெச்சுக்கறது அசிங்கம்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? வேற ஒரு பேரை நீங்களே சொல்லுங்க"ன்னா.

இதைத்தான் நான் ஆப்புன்னேன். நான் பத்து நாளு யோசிச்சேன். சிந்தாமணி பேரை வெச்சாத் தலைகால் தெரியாம ஆடுவா, ஏற்கனவே சொன்ன பேச்சக் கேக்கறதில்ல. அப்பறம் சிந்தாமணியே ஒருநாள் எங்கயோ பாத்துக்கிட்டுச் சொல்றா, 'கோடையில ஊறல் வத்துனப்ப, அந்தச் செடிக்குச் செம்புல தண்ணி ஊத்தி ஊத்தி வளத்துனது பாப்பாதான்'னு. அறிவியல்ல நன்றின்னு ஒண்ணு இருக்குதுங்க. தண்ணி ஊத்துன கைக்கு மரியாதை செய்யோணும். அதனால அந்தப் புள்ள பேரை வெச்சரலாம்னு முடிவு பண்ணிட்டேன். இதுல சொந்தம் பந்தம் ஒண்ணும் கெடையாது. யாரு ஊத்தியிருந்தாலும் வெச்சிருப்பேன்.

வந்த சிக்கல் என்னன்னா, எனக்கு அந்தப் புள்ள பேரு தெரியாது. போன்ல பேசறப்ப 'பாப்பா, பாப்பா'ம்பா, அவ்வளவுதான். சிந்தாமணிகிட்டக் கேட்டேன். "யாரு பேரை வெக்கறீங்களோ அவங்களத்தான் கேக்கோணும்"னுட்டா. நஸ்ரீனக் கேட்டா, "அவங்க சம்மதம் நேர்ல வாங்கணும் சார், அதுதான் மொறை"ங்கறா. ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டாங்களான்னு எனக்குச் சந்தேகம். ஆனா மொறைன்னா மொறை. அதுக்காகத்தான் இந்த பஸ்ஸு ஏறியிருக்கறேன். மக வீட்டுக்குப் போறேன்னு நெனச்சுக்காதீங்க.

பையில என்னன்னா பாக்கறீங்க? மேல இருக்கறது செடிய அமுக்கி வெக்கற பலகை. அடியில இருக்கறது கவுனு. கருநீலத் துணியப் பின்னாடி வெச்சுப் படம் எடுத்தா ரோஸ் பூ நல்லா எடுப்பாத் தெரியுங்க, அதுக்கு. கடையில வெறும் துணி இல்லீன்னுட்டான். ரெடிமேடா, சரிகை வெச்சது, ஏழு வயசு அளவுதான் இருந்துச்சு. அந்த அதிரசம் எனக்கு. மலைக்காத்துக்குப் பசிக்கும். எத்தனை பேருக்குன்னெல்லாம் கணக்குப் போடாதீங்க.

வளைவு முடிஞ்சுது, பாருங்க, குளுந்த காத்து. சிந்தாமணி எந்திரிச்சுட்டா. சேலைய இழுத்து விட்டுக்கிட்டு இந்தப் பக்கம் பாக்கறா. எறங்கோணுமாம். அந்த ஆலமரத்து ஸ்டாப்புதான். குடைய வெச்சுக்கிட்டு நிக்கறது யாரு, தம்பி? எனக்குக் கண்ணாடி இல்லாமத் தூரம் தெரியாது. ஒரு பொம்பளையும் சின்னப் புள்ளையுமா? அப்பிடியா. பச்சைச் சேலையா? அவளுக்குப் பச்சைதான் புடிக்கும்.

பையை எடுத்துக் குடுங்க. மெதுவா. தம்பி, உங்ககிட்ட ஒரு யோசனை கேட்டுக்கறேன், படிச்ச புள்ளையாட்டம் தெரியுறீங்க. எந்தச் செடியக் குடுத்தாலும் இலையத் திருப்பிப் பாத்து இன்னதுன்னு ஒரு நிமிசத்துல சொல்லிப்போடுவேன். இப்ப நான் எறங்கி அந்தப் புள்ள முன்னாடி போயி நின்னு, 'அம்மணி, உம்பேரு என்ன?'ன்னு கேக்கோணும். அது வரைக்கும் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கறேன். ஆனா சின்னப் புள்ளைங்க சும்மா இருக்காதே. 'நீங்க யாரு?'ன்னு திருப்பிக் கேக்குமே.

அதுக்குத்தானுங்க நான் என்ன சொல்றதுன்னு தெரியல.